ரிமாண்ட் ஆன பிறகு ஆட்கொணர்வு மனு போடலாமா?

கேள்வி: செவ்வாய் இரவு 'விசாரணை' என்று சொல்லி என் தம்பியைக் கூட்டிப் போனார்கள். வியாழன் மாலைதான் ரிமாண்ட் செய்தார்கள். ஆனால் வியாழன் காலையில்தான் கைது செய்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆட்கொணர்வு மனு போட்டால் வெளியே வந்துவிடுவானா? — வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கும் ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பதுதான் ஆட்கொணர்வு மனு. புதன்கிழமையே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அதைப் போட்டிருந்தால் அதைவிடப் பலமான வழி வேறில்லை. கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. இப்போது உங்கள் தம்பி ரிமாண்டில், அதாவது மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவின் பேரில் சிறையில் இருக்கிறார். அதைச் சட்டவிரோதக் காவல் என்று உயர் நீதிமன்றம் சாதாரணமாக ஏற்காது.

தமிழக அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியின் வழக்கு நினைவிருக்கும். 2023 ஜூனில் அமலாக்கத் துறை அவரைக் கைது செய்ததும், அவருடைய மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ஜூலை 4-ம் தேதி நீதிபதி நிஷா பானு விடுவிக்கச் சொன்னார். உடன் அமர்ந்த நீதிபதி பரத சக்கரவர்த்தி மனுவைத் தள்ளுபடி செய்தார். மூன்றாவதாக விசாரித்த நீதிபதி சி.வி.கார்த்திகேயன் தள்ளுபடியை ஆதரித்தார். ஆகஸ்ட் 7-ல் உச்ச நீதிமன்றமும் ரிமாண்ட் உத்தரவை ஆட்கொணர்வு மனு மூலம் எதிர்ப்பது பொதுவாகச் செல்லாது என்றது. கட்டாய விதிகளை மீறி, மனதைச் செலுத்தாமலே ரிமாண்ட் செய்திருந்தால் மட்டும் பார்க்கலாம் என்று சின்னதாக ஒரு கதவைத் திறந்து வைத்தது. அந்தக் கதவை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். முதலில் ஜாமீன் மனு போடுங்கள்.

அதற்காக அந்த இரண்டு நாளை விட்டுவிடவும் வேண்டாம். அது அநியாயம், பதிவாக வேண்டும். முன்பெல்லாம் ஆளைத் தூக்கிப் போனதும் வீட்டார் ஓடிப்போய்த் தந்தி அடிப்பார்கள். தந்தியில் விழும் நேரம்தான் பிறகு கோர்ட்டில் பேசும். 2013-ல் தந்தி நின்றுவிட்டது. இப்போது எஸ்.பி.க்கு அனுப்பிய மின்னஞ்சல், 100-க்கு அழைத்த பதிவு, வாட்ஸ்அப் செய்தி எது இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். தெருமுனைக் கடையின் கேமரா பதிவு சில நாளிலேயே அழிந்துவிடும், இன்றே போய்க் கேளுங்கள். காவல் நிலைய கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைப் பாதுகாக்க உத்தரவிடும்படி மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம்.

அப்புறம், கைதுக்கான காரணத்தைத் தம்பியிடம் தெரிவித்தார்களா என்று கேளுங்கள். தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது, ரிமாண்ட் அந்தக் குறையைச் சரிசெய்யாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

சிறையில் இருக்கும்போதே குண்டாஸ் (குண்டர் தடுப்புக் காவல் சட்டம்) போட்டால் கதை வேறு. அங்கே ஜாமீன் கிடைத்தும் பயனில்லை. ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அந்த உத்தரவை உடைக்க ஆட்கொணர்வு மனுதான் வழி. அப்போது தம்பி கையில் கொடுக்கும் காகிதக் கட்டை ஒரு தாள் விடாமல் வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். படிக்க முடியாத நகல், தமிழில் தராத ஆவணம், அரசு தாமதமாகப் பரிசீலித்த முறையீடு போன்ற காரணங்களுக்காகவே பல குண்டாஸ் உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன.