ரேட்டிங்கை உயர்த்தக் கேட்டால் உள்ளதும் போய்விடுமா?

கேள்வி: என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 2018-ல் வி.ஏ. (முன்னாள் ராணுவத்தினருக்கான அமெரிக்க அரசுத் துறை) இடுப்புக்கு 20, முழங்காலுக்கு 10, காது இரைச்சலுக்கு 10 என்று போட்டு மொத்தம் 40 சதவீதம் டிஸபிலிட்டி ரேட்டிங் (மாத உதவிப் பணத்தை முடிவு செய்யும் உடல் பாதிப்பு அளவு) கொடுத்தது. இப்போது சாக்ஸ் மாட்டிவிடக்கூட நான்தான் வேண்டும். உயர்த்திக் கேளுங்கள் என்றால், "கிளறினால் இருப்பதையும் பிடுங்கிவிடுவார்கள்" என்கிறார். கேட்கலாமா?
- வாசகி, சான் அன்டோனியோ

பதில்: தாராளமாகக் கேட்கலாம் சகோதரி, ஆனால் எதற்குக் கேட்கிறோம் என்று பார்த்துக் கேட்க வேண்டும். காது இரைச்சலுக்கு 10-தான் உச்சம், அதை விடுங்கள். முழங்காலை மட்டும் 20 ஆக்கினாலும் ஒரு டாலர்கூட ஏறாது, ஏனென்றால் வி.ஏ. கணக்கு நம் கடைக்கணக்கு இல்லை. முதல் 20 போக மீதி 80-ல்தான் அடுத்த சதவீதத்தை எடுப்பார்கள். 20, 20, 10 சேர்ந்தால் 42, அதை 40 என்றே முழுமையாக்குவார்கள். இடுப்பு 40 ஆனால் 51 வரும், கையில் 50.

இடுப்புக்கு 40 வேண்டுமென்றால், பொதுவாக, முன்னால் குனிவது 30 டிகிரியோடு நின்றுவிட வேண்டும். பரிசோதனையில் கோணமானி வைத்தே அளப்பார்கள். அங்கே போய் நம் ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து காட்டிவிட்டு "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடுவார்கள், அதுதான் வினை! வலி எந்த இடத்தில் தொடங்குகிறதோ அங்கேயே சொல்லட்டும், வலி முற்றும் நாட்களில் சாக்ஸ் மாட்ட முடியாததையும் சொல்லட்டும். நடிக்க மட்டும் வேண்டாம்.

அவர் பயம் வெறும் பயமில்லை, ஃபைலைத் திறந்தால் குறைக்கவும் அவர்களால் முடியும்தான். ஆனால் 5 வருடத்துக்கு மேல் மாறாமல் இருக்கும் ரேட்டிங்கை ஒரே ஒரு பரிசோதனையை வைத்துச் சாதாரணமாகக் குறைத்துவிட முடியாது, உடம்பு நிலையாகத் தேறியிருக்கிறது என்று காட்ட வேண்டும். மாதப் பணம் குறையும் என்றால் முன்கூட்டியே கடிதம் போட்டு, பதில் ஆதாரம் கொடுக்க 60 நாள் தர வேண்டும். வலி கூடிக்கொண்டே போகிறவருக்கு இதில் பெரிய ஆபத்து எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கே 'இன்டென்ட் டு ஃபைல்', அதாவது விண்ணப்பிக்கப் போகிறேன் என்ற முன்னறிவிப்பைப் போட்டுவிடுங்கள், படிவத்தை நிரப்ப ஒரு வருடம் கிடைக்கும், பணம் கணக்கிடத் தொடங்கும் தேதியும் கையைவிட்டுப் போகாது. உங்கள் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) முன்னாள் ராணுவத்தினருக்கு உதவும் வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசர் இலவசமாகவே எழுதிக் கொடுப்பார். ஏறும் பணத்தில் பங்கு கேட்கிற ஆட்கள் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், 30 சதவீதம் முதல் மனைவி, பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். உங்கள் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.