புகையறைக்கு எண்பது ஃபயர் பிரிக் போதும்

கேள்வி: கள்ளிக்குடி பக்கம் எங்கள் தோட்டத்தில், கோழியும் வெண்பன்றி இறைச்சியும் புகைபோட செங்கல்லில் ஓர் அறை கட்டப் போகிறேன். மூன்றடிக்கு மூன்றடி, உயரம் ஆறடி. சிமெண்ட் கலவையே போதும் என்கிறார் கொத்தனார். மதுரையில் விசாரித்த கடைக்காரரோ, முழுக்க ஃபயர் பிரிக்கில், அதாவது கடும் சூடு தாங்கும் கல்லில் கட்டாவிட்டால் ஒரே வருடத்தில் வெடித்துவிடும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: கொத்தனார் சொல்வது இறைச்சி தொங்கும் அறைக்குச் சரி. கடைக்காரர் சொல்வது, அறைக்குப் பக்கத்தில் தனியாக நெருப்பு எரியும் அடுப்புக்கு மட்டும் சரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் உங்களிடம் நூற்றுக்கணக்கில் கல் விற்கப் பார்க்கிறார்கள்.

விறகு எரியும் இடத்தில் சூடு 600 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சாதாரண சிமெண்ட் கலவை 400 டிகிரிக்கு மேல் போனால் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் நீரை இழந்து பொடிய ஆரம்பிக்கும். ஆனால் புகை போய்ச் சேரும் அறைக்குள் 80 முதல் 110 டிகிரிதான் இருக்க வேண்டும். அந்தச் சூட்டை நாட்டுச் செங்கல்லே தாங்கும். நாலரை இன்ச் சுவர், சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலவை, அவ்வளவுதான். சுண்ணாம்பு சேர்த்தால் சுவர் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். உள்பக்கம் பூச்சும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம்.

அடுப்பு ஒன்றரை அடி அகலம், இரண்டடி நீளம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் வீட்டுக்குத் தாராளம். அதன் தரை, மூன்று பக்கச் சுவர், மேலே சிறு வளைவு எல்லாம் சேர்த்து எண்பது ஃபயர் பிரிக் ஆகும். உடையும் கணக்குக்குப் பத்து கூடுதலாக வாங்குங்கள். இணைப்புக்கு ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) கரைசல், அதுவும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம். இந்த உள்பெட்டிக்கும் வெளியே எழுப்பும் செங்கல் சுவருக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, சலித்த சாம்பலால் நிரப்பச் சொல்லுங்கள். சூட்டில் உள்பெட்டி விரியும். இடம் இல்லாவிட்டால் வெளிச்சுவரைத் தள்ளிப் பிளந்துவிடும். சுவர் ‘வெடிப்பது’ பெரும்பாலும் இதனால்தான். விலை கூடிய கல் வாங்கினாலும் இந்த இடைவெளி இல்லையென்றால் பிளக்கத்தான் செய்யும்.

கல் வாங்கும்போது கவனம். பழைய சூளை, பாய்லர் இடித்த கல்லைத் தட்டிச் சுத்தம் செய்து புதுசு என்று தலையில் கட்டுவார்கள். ஒரு முகம் பளபளவென்று கண்ணாடி பூசியதுபோல் உருகியிருந்தால் அது ஏற்கெனவே வெந்து முடிந்த கல், தொடாதீர்கள். கல்லின் மேலேயே ஐ.எஸ். 6 அல்லது ஐ.எஸ். 8 என்று இந்தியத் தர எண் அச்சாகியிருக்க வேண்டும். விறகு அடுப்புக்கு 6 போதும், 8-தான் வேண்டும் என்று விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள். அச்சே இல்லாத கல்லைப் பட்டப்பகலில் விற்கிறார்கள், ஏன் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. தர எண் அட்டவணையில் இருந்தும் என்ன பயன், கல் வாங்கும் விவசாயிக்கு அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

அப்புறம், ‘மேலூர்க் கல் இருக்கிறதே, அடுப்புக்கு மேல் ஒரு பலகைக்கல் போட்டுவிடலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரியும். கல் சில்லுச் சில்லாகத் தெறித்து முகத்தில் அடிக்கும். ஃப்ளைஆஷ் கல், ஹாலோ பிளாக், ஜி.ஐ. தகடு ஆகியவற்றையும் நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கொக்கிகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் செம்மண் தரைக்கு அப்படியே பொருந்தும். உங்கள் பக்கம் கரிசல் அதிகம் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரிசல் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். நீங்கள் என்ன கல் வைத்தாலும் அடியிலிருந்து விரிசல் ஏறி வரும், பழியை நெருப்பின் மேல் போடுவார்கள். இரண்டடி கரிசலை வெட்டி எடுத்துவிடுங்கள், சுவரைவிட ஒன்றரை அடி வெளியே நான்கு பக்கமும் நீட்டி. அந்தக் குழியை மணலால் நிரப்பாதீர்கள். மணல் தண்ணீரை வாங்கி அடியில் உள்ள கரிசலுக்கே ஊட்டும். செம்மண் கிராவலை அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து, கெட்டிக்க வேண்டும். அதன் மேல் கம்பி கட்டிய ஒரே கான்கிரீட் பலகை. அடுப்பும் அறையும் அந்த ஒரே பலகையில்தான் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒன்று இறங்கி, இடையிலுள்ள புகைப்பாதை வாய் பிளக்கும். அடுப்பின் தரை பலகை மட்டத்தில் இருக்கட்டும். அறையின் தரையை ஒன்றரை அடி மேடையில் ஏற்றிவிட்டால் புகை தானாக மேலே ஏறும். சுற்றிலும் தண்ணீர் வழிந்தோடச் சரிவு கொடுங்கள், பக்கத்தில் சொட்டுநீர்க் குழாய் போகக் கூடாது.

அந்தக் கடைக்காரர் பத்தடி சுரங்கம் வைத்து ‘குளிர்ப்புகை’ அமைப்பும் தருவதாகச் சொல்லியிருக்கலாம். வேண்டாம். குளிர்ப்புகைக்கு அறை 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சித்திரையில் மதுரையின் வெயிலே 40 டிகிரியைத் தொடுகிறது. அந்த வெதுவெதுப்பில் பச்சை இறைச்சியை மணிக்கணக்கில் தொங்கவிட்டால் கிருமிதான் பெருகும், பன்றியில் நாடாப்புழு பயம் வேறு. சூட்டுப்புகை போடுங்கள். இறைச்சியின் தடித்த பகுதிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, 75 டிகிரி காட்டிய பிறகு எடுங்கள். ‘கெடாமல் இருக்க’ என்று நைட்ரைட் உப்பைப் பொட்டலமாக நீட்டும் கெமிக்கல் கடை ஆட்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். எடை பிசகினால் உயிருக்கே ஆபத்து.

விறகுக்குக் காய்ந்த சீமைக்கருவேலம், புளி, கொய்யா போதும். அரளி, யூகலிப்டஸ், பிளைவுட், பெட்டிப் பலகை கூடாது. அடுப்பு வாயை மேற்கே பார்த்து வைக்காதீர்கள், ஆடிக்காற்று நெருப்பை ஊதிவிடும்.

பின்னால் விற்க நினைத்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் எவரும் தேவையில்லை. அந்தப் பதிவுக்கான ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவம் எளிய தமிழில் இருந்தால் இந்த ஏஜென்ட்டுகள் ஒரே மாதத்தில் காணாமல் போவார்கள், அதைச் செய்யத்தான் யாருக்கும் மனமில்லை.

கட்டி முடித்து மூன்று வாரம் காயவிடுங்கள். பிறகு ஒரு வாரம் தினமும் சுள்ளி நெருப்பு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி. அந்த வாரம் உள்ளே இறைச்சி தொங்கவிட வேண்டாம்.