பித்தப்பை அழற்சி: ஆறு வாரம் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: நீரிழிவுள்ள என் அம்மாவுக்கு (வயது 62) நேற்று வலது விலாவின் கீழ் கடும் வலியும் காய்ச்சலும் ஏற்பட்டன. ஸ்கேனில் கல்லும் பித்தப்பை வீக்கமும் தெரிந்தன. உடனே சத்திரசிகிச்சை செய்யலாம் என்கிறார் வைத்தியர். வீக்கம் வற்றியபின், ஆறு வாரம் கழித்துச் செய்வதே நல்லது என்கிறார் பெரியம்மா. எது சரி?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: உங்கள் பெரியம்மா சொல்வது முன்னர் வைத்தியர்களே கடைப்பிடித்த முறைதான், ஆனால் உடல்நிலை இடங்கொடுக்குமாயின், வலி தொடங்கிய சில நாட்களுக்குள், இயன்றவரை 72 மணித்தியாலங்களுக்குள், சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை அகற்றிவிடுவதே சிறந்தது என்பது இன்றைய நிலைப்பாடு. காத்திருப்போருக்கு இடையில் வலி மீண்டும் வந்து, அவசரமாக வைத்தியசாலையில் சேர நேரிடுவதுண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பித்தப்பை அழுகி ஓட்டை விழும் அபாயம் கூடுதல் என்பதால், அம்மாவின் விடயத்தில் தாமதத்தை நான் விரும்பமாட்டேன்.

சேலைனும் வலிநிவாரணியும் நுண்ணுயிர்கொல்லி ஊசியும் அவசியமே. ஆயினும் அவை கிருமியை அடக்குமேயன்றி, பித்தப்பையின் வாயிலை அடைத்திருக்கும் கல்லை நீக்கமாட்டா. மயக்கமருந்தைத் தாங்க இயலாதவர்களுக்கு, ஸ்கேனின் துணையோடு தோல்வழியே குழாய் செலுத்திப் பித்தப்பையை வடிப்பது மாற்றுவழியாகும். எனினும் 2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், ஆபத்து மிகுந்த நோயாளரிடையே கூட, குழாய் இட்டவர்களைவிடச் சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கே பாரிய சிக்கல்கள் குறைவாக இருந்தன.

கண் மஞ்சளித்தால், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாயான பொதுப் பித்தக்கானிலும் கல் இருக்கலாம். அதைத் தனியே எடுக்க வேண்டியிருக்கும். குருதி உறையாமல் தடுக்கும் மாத்திரை ஏதும் அம்மா எடுப்பவராயின், அதை வைத்தியரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.