மூல நட்சத்திரம் மாமனாருக்கு ஆகாதா? வானம் பற்றி வாசகர் கேள்விகள்

விண்மீன் கூட்டங்கள் கற்பனை உருவங்கள்தானே? விஞ்ஞானிகளுக்கு அவற்றால் என்ன பயன்? (மாணவர், பெரம்பூர்)

உருவம் கற்பனைதான். எல்லைகள் அளந்து போட்டவை. சர்வதேச வானியல் ஒன்றியம் வானம் முழுவதையும் 88 கூட்டங்களாகப் பிரித்திருக்கிறது. எல்லைகள் 1930-இல் அச்சாகின. வானத்தில் எதைக் கண்டுபிடித்தாலும் அது இந்த 88-இல் ஒன்றுக்குள்தான் இருக்கும். பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளை தனுசுப் பக்கம் தெரிவதால் அதற்கு சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்று பெயர் (சஜிட்டேரியஸ் என்றால் தனுசுதான்). நாம் அகத்தியர் என்று சொல்லும் விண்மீனைப் பார்த்துத் திசை பிடித்தன நாசாவின் வாயேஜர் விண்கலங்கள்.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனை 1867-இல் கண்டுபிடித்தார். ரெட்டிகுலம் என்ற சின்னத் தென்வானக் கூட்டத்தில் இருப்பதால் அது 'ஆர் ரெட்டிகுலி'. அந்தப் பெயரைப் பார்த்தாலே எந்த நாட்டு வானியலாளருக்கும் தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிந்துவிடும். நம் ஊர்ப் பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

என் மகள் மூல நட்சத்திரம். மாமனாருக்கு ஆகாது என்று வரன்கள் தட்டிப்போகின்றன. (ஒரு தாய், ஆதம்பாக்கம்)

அம்மா, பிறந்த நேரத்தில் நிலா எந்த விண்மீன்கள் பக்கம் நின்றது என்பதைத்தான் ஜாதகத்தில் நட்சத்திரம் என்று எழுதுகிறார்கள். நிலா பூமியைச் சுமார் 27 நாளில் சுற்றிவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரு நாள் மூலத்தில் நிற்கும். அந்த ஒரு நாளில் உலகெங்கும் மூன்றரை லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன, பாதிக்குப் பாதி பெண்கள். அத்தனை பேரின் மாமனார்களுக்கும் ஒரே விதி எப்படி இருக்க முடியும்? மூலம் என்பது விருச்சிகத்தின் வால். அங்கிருந்து இன்று நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி, உங்கள் மகள் பிறப்பதற்குப் பல தலைமுறைகள் முன்பே கிளம்பியது. இந்தக் காரணம் சொல்லி ஒரு பெண்ணை வேண்டாம் என்பது அநியாயம். அப்படிச் சொல்லும் குடும்பம் போனால் போகட்டும். ஜூலை, ஆகஸ்டில் இருட்டியதும் தெற்கே பாருங்கள், கொக்கிபோல் வளைந்த அந்த வால் அவ்வளவு அழகு. மகளுக்கும் காட்டுங்கள்.

கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வரலாமா? (வாசகி, தாம்பரம்)

தாராளமாக வரலாம், சாப்பிடவும் செய்யலாம். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். சூரிய கிரகணத்தில் ஆபத்து கண்ணுக்கு மட்டும், அதுவும் எல்லோருக்கும்தான். அதற்கென்று செய்த கண்ணாடி இல்லாமல் பார்க்கவே கூடாது. எக்ஸ்ரே பிலிமை நம்பாதீர்கள்.

எரிநட்சத்திரம் விழுந்தால் வீட்டில் யாருக்காவது ஆகாது என்கிறார் பாட்டி. (வாசகர், காசிமேடு)

அது நட்சத்திரமே இல்லை. பெரும்பாலும் மணல் அளவு துகள், காற்றில் உரசி மேலேயே எரிந்துபோகிறது. டிசம்பர் 13, 14 இரவுகளில் மிதுனம் பக்கமிருந்து நிறைய வரும். நள்ளிரவுக்கு மேல், தெருவிளக்கு கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும், அதுவரை போனை எடுக்காதீர்கள். முடிந்தால் பாட்டியையும் கூட்டிப்போங்கள்.