வாசகர் கேள்வி - பதில்: தரகு வாங்காத நாணயத் தரகர்

கேள்வி: வெளிநாட்டில் வீடு வாங்குவதற்காக 1,00,000 டாலரை யூரோவாக மாற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. என் வங்கி 30 டாலர் கட்டணம் கேட்கிறது. இரண்டு நாணயத் தரகு நிறுவனங்களோ கமிஷனும் இல்லை, கட்டணமும் இல்லை என்கின்றன. ஆனால் மூவரும் மூன்று விகிதம் சொல்கிறார்கள். எதை வைத்து ஒப்பிடுவது?

பதில்: தரகே வாங்காமல் தரகு செய்பவர் எந்தச் சந்தையிலும் இல்லை. வாங்குவது கண்ணுக்குத் தெரிகிறதா, தெரியவில்லையா என்பதில்தான் வித்தியாசம். வங்கிகள் தங்களுக்குள் ஒரு நாணயத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் சரி நடுவில் இருப்பதை நடுச்சந்தை விகிதம் என்பார்கள். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். அந்த விகிதத்திலிருந்து எவ்வளவு இறக்கி உங்களுக்குத் தருகிறார்களோ, அதுவே அவர்களுடைய கூலி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுச்சந்தையில் ஒரு டாலருக்கு 0.9200 யூரோ என்று வைத்துக்கொண்டால், உங்கள் தொகைக்கு 92,000 யூரோ வர வேண்டும். வங்கி 0.8970 என்று சொன்னால் கைக்கு வருவது 89,700. முதல் தரகர் 0.9108 தந்தால் 91,080, இரண்டாமவர் 0.9154 தந்தால் 91,540. வங்கி கேட்ட 30 டாலர் கண்ணை உறுத்துகிறது. அதே வங்கி விகிதத்தில் எடுத்துக்கொண்ட 2,300 யூரோவைப் பற்றி எந்தச் சீட்டிலும் ஒரு வரி இருக்காது. ஆகவே, ‘கட்டணம் எவ்வளவு?’ என்று கேட்காதீர்கள். ‘நான் இத்தனை டாலர் கொடுத்தால், எதிர்முனையில் உள்ள கணக்கில் எத்தனை யூரோ விழும்?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரே ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்லத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

விகிதம் நிமிடத்துக்கு நிமிடம் நகர்வதால், ஒருவரிடம் காலையிலும் மற்றவரிடம் மாலையிலும் விலை கேட்டு ஒப்பிடுவது வீண் வேலை. ஐந்து நிமிடத்துக்குள் எல்லோரிடமும் கேளுங்கள். அந்த நேரத்து நடுச்சந்தை விகிதத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒவ்வொருவரும் எத்தனை சதவீதம் இறக்கியிருக்கிறார்கள் என்ற கணக்குதான் இன்றைக்கும் அடுத்த மாதத்துக்கும் செல்லுபடியாகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது முறையே 2.5, 1, 0.5 சதவீதம். சனி, ஞாயிறுகளில் விலை கேட்காமலிருப்பது நல்லது. சந்தை மூடியிருக்கும்போது திங்கட்கிழமை என்ன ஆகுமோ என்ற பயத்துக்கும் சேர்த்து விலை வைப்பவர்கள் உண்டு.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் பரிமாற்றத்துக்கு மிக நல்ல விகிதம் தந்து, வாடிக்கையாளர் பழகியபின் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே போவது இத்தொழிலில் புதிதல்ல. எனக்குத் தெரிந்த ஒருவர் நான்கு தவணையாக வீட்டுப் பணம் அனுப்பினார். முதல் தவணையில் 0.4 சதவீதமாக இருந்த வித்தியாசம் நான்காவதில் 1.3 ஆகியிருந்தது. நடுவில் யாரும் எதையும் அறிவிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சதவீதத்தை முதலிலேயே மின்னஞ்சலில் எழுதி வாங்கியிருந்தால், பேச ஒரு பிடி கிடைத்திருக்கும்.

பணம் ஸ்விஃப்ட் என்ற, நாடுகளுக்கிடையே வங்கிகளை இணைக்கும் வலையமைப்பின் வழியாகப் போகும்போது இடையில் உள்ள வங்கிகள் ஆளுக்கொரு சிறு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். வீட்டை விற்பவருக்கு 20 யூரோ குறைந்து போனாலும் பத்திரப்பதிவு அன்று அது தலைவலிதான். எல்லாச் செலவும் அனுப்புபவரைச் சேர்ந்தது என்ற முறையில் அனுப்பச் சொல்லுங்கள். அல்லது, தரகர் அந்த நாட்டிலேயே உள்ள தம் கணக்கிலிருந்து உள்நாட்டுப் பரிமாற்றமாகச் செலுத்துவாரா என்று கேளுங்கள்.

கடைசியாக, தொலைபேசியில் வாயைக் கவனமாகத் திறக்கவும். தரகரின் மேசையிலிருந்து ஒரு குரல் விகிதத்தைச் சொல்லும். பிறகு, ‘பிடித்துவிடட்டுமா?’ என்று கேட்கும். பேச்சு பதிவாகிக்கொண்டிருக்கும். நீங்கள் ‘சரி’ என்ற அந்த நொடியே அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகிவிடுகிறது. நீங்கள் இன்னும் ஒரு காசும் அனுப்பியிருக்காவிட்டாலும் அப்படித்தான். விசாரிக்க மட்டுமே கூப்பிட்டிருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் பார்த்து வைத்திருக்கும் தரகு நிறுவனம் ‘அரசிடம் பதிவு பெற்றது’ என்கிறது. அப்படியானால் என் பணம் பத்திரம்தானே?

பதில்: பதிவு என்ற ஒரே சொல்லுக்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஆஸ்ட்ராக், கனடாவின் ஃபின்ட்ராக் ஆகிய அமைப்புகளிடம் பணப் பரிமாற்ற நிறுவனங்கள் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் அந்தப் பதிவின் முதன்மையான நோக்கம் கறுப்புப் பணத்தைத் தடுப்பது. உங்கள் பணத்துக்கு யாரும் உத்தரவாதம் தந்திருப்பதாக அதற்குப் பொருளில்லை. பிரிட்டனில் எஃப்சிஏ என்ற நிதி ஒழுங்காற்று அமைப்பின் முழு அங்கீகாரம் பெற்ற பணப்பட்டுவாடா நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தைத் தன் பணத்திலிருந்து பிரித்து வைக்கக் கடமைப்பட்டது. ‘சிறு நிறுவனம்’ என்ற வகையில் பதிவு மட்டும் செய்துகொண்டவற்றுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. இரண்டும் தங்கள் விளம்பரத்தில் அதே அமைப்பின் பெயரைப் போட்டுக்கொள்ளும்.

பிரித்து வைப்பது என்பதும் வங்கி வைப்புக் காப்பீடும் ஒன்றல்ல. வங்கி மூழ்கினால் ஒரு வரம்பு வரை காப்பீட்டு நிதியம் ஈடு தரும். தரகர் மூழ்கினால், பிரித்து வைத்த கணக்கில் உண்மையிலேயே பணம் இருந்தால்தான் கிடைக்கும். அதிலும் கணக்கைத் தீர்ப்பவரின் செலவு போக மிச்சம்தான், அதுவும் மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு. 2018-இல் பிரிட்டனில் பிரீமியர் எஃப்எக்ஸ் என்ற நிறுவனம் கவிழ்ந்தபோது, பாதுகாப்பான தனிக் கணக்கில் இருப்பதாகத் தங்களிடம் சொல்லப்பட்ட பணம் அப்படி வைக்கப்படவே இல்லை என்பதை அதன் வாடிக்கையாளர்கள் அறிந்தார்கள். அந்த நிறுவனம் அங்கீகாரம் இல்லாத ஒன்றல்ல. பணத்தை அனுப்பிவைக்க அதற்கு அனுமதி இருந்தது. வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ள இல்லை.

எனவே என் அளவுகோல் எளியது: பணம் தரகரிடம் எத்தனை மணி நேரம் தங்குகிறது, யார் பெயரில் உள்ள கணக்கில் தங்குகிறது? விகிதத்தை உறுதிசெய்த பிறகு பணத்தை அனுப்புங்கள். மாற்றிய கையோடு எதிர்முனைக்குச் செலுத்தச் சொல்லுங்கள். ‘அடுத்த முறைக்கு இங்கேயே இருக்கட்டும், வட்டி தருகிறோம்’ என்று ஒரு தரகர் சொன்னால், அவர் வங்கி வேலை பார்க்க ஆசைப்படுகிறார் என்று பொருள். அவரை விட்டு விலகுங்கள்.

உரிமத்தைச் சரிபார்க்கும்போது தரகர் அனுப்பும் இணைப்பைத் தட்ட வேண்டாம். ஒழுங்காற்று அமைப்பின் பதிவேட்டுக்கு நீங்களே போய்த் தேடி, அங்கிருக்கும் தொலைபேசி எண்ணில் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே களவாடிக்கொண்டு போலிகள் நடத்தும் கடைகள் ஏராளம். எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தாலும் இதே வழிதான்.

கேள்வி: நான்கு மாதம் கழித்துத்தான் பணம் கட்ட வேண்டும். இன்றைய விகிதத்தை இப்போதே ‘லாக்’ செய்யலாம் என்று தரகர் வற்புறுத்துகிறார். செய்யலாமா?

பதில்: அவர் சொல்வதை முன்பேர ஒப்பந்தம் என்பார்கள். பயன் உள்ளதுதான். 2016 ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று பிரிட்டன் வாக்களித்த இரவில் ஒரு பவுண்டு 1.50 டாலரைத் தொட்டது, மறுநாள் 1.32 அளவுக்குச் சரிந்து, 1985-க்குப் பிறகான மிகத் தாழ்ந்த நிலையைக் கண்டது. அன்று பவுண்டை டாலராக மாற்ற வேண்டியிருந்தவர்களில் முன்கூட்டியே விகிதத்தைக் கட்டி வைத்திருந்தவர் நிம்மதியாகத் தூங்கினார். ஆனால் எதிர்த்திசையில் டாலரைப் பவுண்டாக மாற்றவிருந்தவர், கட்டி வைத்திருந்தால், பழைய விலையைத்தான் கொடுத்திருப்பார். அதாவது இது ஆதாயம் தேடும் வழியல்ல. தொகையை நிச்சயப்படுத்தும் வழி.

கையெழுத்திடும் முன் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைப்பது சரியாக இன்றைய விகிதமாக இருக்காது. இரு நாடுகளின் வட்டி வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோதான் அது வரும். தொகையில் ஒரு பங்கை முன்பணமாகக் கேட்பார்கள். சந்தை உங்களுக்கு எதிராக நகர்ந்தால் மேலும் பணம் கட்டச் சொல்வதும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீட்டு விற்பனை நின்றுபோனாலும் ஒப்பந்தம் நிற்காது. அன்றைய சந்தை விலையில் அதைத் திருப்பி முடித்து, நட்டம் வந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவரோடு பத்திரம் இன்னும் உறுதியாகாத நிலையில் முழுத் தொகைக்கும் விகிதத்தைக் கட்ட நான் சொல்ல மாட்டேன். பாதிக்குக் கட்டிவிட்டு மீதியை விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவே எனக்கும் சம்மதம். தரகரின் வற்புறுத்தலைப் பற்றி: ‘விகிதம் விழப்போகிறது’ என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால் அவர் தொலைபேசியில் உங்களோடு நேரம் செலவழித்துக்கொண்டிருக்க மாட்டார்.

கேள்வி: மாதம் 200 டாலர் குடும்பத்துக்கு அனுப்புகிறேன். எனக்கும் தரகர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பல தரகர்கள் இவ்வளவு சிறிய தொகையை எடுத்துக்கொள்வதும் இல்லை. பணம் அனுப்பும் செயலிகளே போதும். ஆனால் சிறு தொகையில்தான் சதவீதம் கடிக்கிறது: 200 டாலர் அனுப்ப உலக அளவில் சராசரியாக ஆகும் செலவு 6 சதவீதத்துக்கும் மேல் என்று உலக வங்கி கணக்கிடுகிறது, அதை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு. நீங்கள் 3 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தால் வேறு செயலியைப் பாருங்கள். முடிந்தால் இரண்டு மாதத் தொகையைச் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: சம்பளச் சீட்டு, சொத்து விற்ற பத்திரம் என்று தரகர் ஏதேதோ கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கேட்காத தரகரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது அவர்மேல் சட்டம் சுமத்திய கடமை. நிறுவனத்தை மேலே சொன்னபடி சரிபார்த்துவிட்டு, அந்தத் தாள்களைப் பணம் கட்ட வேண்டிய நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெரிய தொகை நடுவழியில் நிறுத்திவைக்கப்படும். பணமும் உங்கள் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே போக வேண்டும். தம்பியின் கணக்கிலிருந்து ஒரு பகுதி, மனைவியின் கணக்கிலிருந்து ஒரு பகுதி என்று அனுப்பினால், நாணயத் தரகர்கள் பெரும்பாலும் அதை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் பிடித்துவைத்த விகிதத்துக்கான கெடு அதற்குள் முடிந்திருக்கும்.