ஹைட்ரஜன் சிலிண்டரை ஊதிவிடலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் கேஸ் குரோமட்டோகிராஃபின் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) எஃப்ஐடிக்கு, அதாவது ஹைட்ரஜன் சுடரில் எரித்துக் கண்டறியும் பகுதிக்கு, ஹைட்ரஜன் சிலிண்டர் வைத்திருக்கிறோம். புது சிலிண்டர் வந்ததும் வால்வை ஒரு நொடி திறந்து தூசியை ஊதிவிட்டு ரெகுலேட்டர் மாட்டுகிறோம். நைட்ரஜனுக்கும் இதே பழக்கம்தான். சரியா? – வாசகர், கோவை

பதில்: நைட்ரஜனுக்குச் சரி, ஹைட்ரஜனுக்குக் கூடவே கூடாது. பீறிட்டு வரும் வாயுவோடு தூசியும் துருவும் உரசி எழும் நிலைமின்சாரமே அதைப் பற்றவைத்துவிடும், 0.02 மில்லிஜூல் போதும். அந்தத் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது என்பது இன்னொரு வம்பு. வால்வின் வாயை நூல் பிரியாத சுத்தமான துணியால் துடைத்தாலே போதும்.

எரியும் வாயு என்பதால் இணைப்பு இடதுமரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி இறுக்க வேண்டும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். கசிவை அடைப்பது உள்ளே உட்காரும் கூம்புதான். ரெகுலேட்டர் குமிழை முழுக்கத் தளர்த்திவிட்டு, பக்கவாட்டில் நின்று வால்வை மெதுவாகத் திறக்கவும். சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பிறகு கருவிக்குப் போகும் வழியை அடைத்து, சிலிண்டர் வால்வையும் மூடி, 10 நிமிடம் ரெகுலேட்டரின் அழுத்த முள்ளைக் கவனியுங்கள். இறங்கினால் எங்கோ கசிகிறது.

உண்மையில் எனக்குக் கவலை, சிலிண்டர் அறைக்குள் நிற்கிறதா என்பதுதான். 47 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் சுமார் 7,000 லிட்டர் ஹைட்ரஜன் இருக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் காற்று 60,000 லிட்டர். தீப்பிடிக்க 4 சதவீதம், அதாவது 2,400 லிட்டர் போதும். சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு. அது மேலே ஏறித் தங்குவதால் கூரையடியில் அந்த அளவு இன்னும் சீக்கிரம் சேர்ந்துவிடும். சிலிண்டரை வெளியே காற்றோட்டமான கொட்டகையில் சங்கிலியால் கட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் 6 மீட்டராவது தள்ளி நிற்கட்டும். எஃப்ஐடிக்கு நிமிடத்துக்கு 30–40 மில்லி லிட்டர்தானே வேண்டும்? அதற்கு, தண்ணீரிலிருந்து தேவைக்கேற்ப ஹைட்ரஜன் தயாரிக்கும் ஹைட்ரஜன் ஜெனரேட்டரே மேல்.

கேள்வி: அணு உட்கவர் கருவிக்கான (மாதிரியைச் சுடரில் செலுத்தி அதிலுள்ள உலோகங்களை அளக்கும் ஏஏஎஸ் கருவி) அசிட்டிலீன் சிலிண்டரைப் படுக்கவைத்து எடுத்துவந்தார்கள். உடனே பயன்படுத்தலாமா? தாமிரக் குழாய் போடலாமா? – வாசகர், திருச்சி

பதில்: இரண்டுமே வேண்டாம். உள்ளே அசிட்டிலீன் அசிட்டோனில் கரைந்திருக்கிறது. சிலிண்டரை நிமிர்த்தி ஒரு நாள் விட்டு வையுங்கள், அசிட்டோன் கீழே இறங்கட்டும். சிலிண்டர் அழுத்தம் 7 பாருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். அதற்குக் கீழே அசிட்டோன் கலந்து வந்து சுடரையும் அளவீட்டையும் கெடுக்கும். தாமிரத்தோடு சேர்ந்தால் தொட்டாலே வெடிக்கும் அசிட்டிலைடு உண்டாகும். ரெகுலேட்டரின் வெளி அழுத்தம் 1 பாரைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் காற்றே இல்லாமலும் அசிட்டிலீன் சிதைந்து வெடிக்கலாம்.