போலீஸ் ரெக்கார்டுல என் பேரு எப்படி இருக்கு?

கேள்வி: அண்ணே, 2019 கணபதி விசர்ஜன் அன்னிக்கு எங்க கல்லியில (சந்துல) நடந்த அடிதடில என்னையும் ஜீப்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. ராத்திரி பூரா ஸ்டேஷன்ல, காலைல எதுலயோ கையெழுத்து வாங்கிட்டு விட்டாங்க, அப்புறம் யாரும் கூப்பிடல. இப்ப வேலைக்குப் போற எடத்துல ஃபார்ம்ல 'எப்பவாவது கைதானதுண்டா'ன்னு கேக்குறாங்க. ஒரு ஏஜெண்ட் காசு குடுத்தா பேரையே அழிச்சுடலாங்குறாரு.
- ஒரு வாசகர், தாராவி

பதில்: தம்பி, அந்த ஏஜெண்டுக்கு டீ காசு கூட குடுத்துடாதீங்க.

நீங்க எதுல கையெழுத்து போட்டீங்கங்கிறதுதான் விஷயமே. மும்பைல ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சாலே 'கேஸ் ஆயிடுச்சு'ம்பாங்க. வெறும் என்.சி.ன்னா, அதாவது போலீஸ் தானா கைது பண்ண முடியாத சின்ன குற்றத்துக்கான புகார்னா, கோர்ட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்கவே முடியாது. சாப்டர் கேஸ்னா, இனிமே வம்புக்குப் போக மாட்டேன்னு ஏசிபி (உதவி கமிஷனர்) முன்னாடி பாண்டு எழுதி வாங்குறது, அது தண்டனை இல்ல, ஆனா குற்றம் நடக்காம தடுக்கன்னு அப்ப இருந்த சி.ஆர்.பி.சி. சட்டத்தோட 151வது பிரிவுல புடிச்சு வெச்சிருந்தா அது கைதுதான். விசர்ஜன் நாள் அடிதடிங்கிறதால இதுவாத்தான் இருக்கும்னு என் சந்தேகம், இருந்தாலும் எஃப்.ஐ.ஆர் இருக்கான்னு பாத்துடுங்க.

2016ல சுப்ரீம் கோர்ட் எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துல வெப்சைட்ல ஏத்தணும்னு சொல்லிடுச்சு (பாலியல் குற்றம் மாதிரி சிலது தவிர), அதனால மகாராஷ்டிரா போலீஸ் சைட்ல ஸ்டேஷன், தேதி போட்டுத் தேடுங்க. நம்பர் கிடைச்சா இ-கோர்ட்ஸ் சைட்ல 'மும்பை சி.எம்.எம். கோர்ட்ஸ்' எடுத்து, ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர் நம்பர், வருஷம் போட்டு, நடக்குற கேஸ் முடிஞ்ச கேஸ் ரெண்டையும் சேத்துத் தேடுங்க, நிறைய பேர் முடிஞ்சத பாக்காமலே ஒண்ணும் இல்லன்னு நிம்மதியாயிடுவாங்க. பேர் போட்டுத் தேடினா நம்ம ஆளுங்களுக்குத் தொல்லை, ஏன்னா ஸ்டேஷன்ல உங்க பேரு, அப்பா பேரு, பின்னாடி நாடாரோ தேவரோன்னு ஒரு சர்நேம், இப்படி மூணா நீட்டி எழுதியிருப்பாங்க, ஆதார்ல வெறும் இனிஷியல்தான் இருக்கும். எல்லா ஸ்பெல்லிங்கும் போட்டுப் பாருங்க.

எஃப்.ஐ.ஆர் இருந்து 'சம்மரி'ன்னு (கேஸ மூடச் சொல்லி போலீஸ் கோர்ட்டுக்குக் குடுக்குற அறிக்கை) முடிச்சிருந்தா எந்த சம்மரின்னு பாக்கணும். 'ஏ' சம்மரின்னா சம்பவம் உண்மை, ஆள் சிக்கல. பி ன்னா வேணும்னே குடுத்த பொய் புகார். சி ன்னா தப்பா புரிஞ்சு குடுத்தது, இல்ல சிவில் தகராறு. போலீஸ் எழுதினா மட்டும் பத்தாது, மாஜிஸ்ட்ரேட் ஏத்துக்கிட்ட ஆர்டர் வேணும், அதோட சர்டிஃபைட் காப்பிய கோர்ட்லயே அப்ளை பண்ணி வாங்கி வெச்சுக்குங்க.

எதுவும் கிடைக்கலன்னா ஸ்டேஷன்ல எழுதிக் கேளுங்க, மசியலன்னா 10 ரூபா ஆர்.டி.ஐ (தகவல் உரிமை மனு) போடுங்க, 30 நாள்ல பதில் தரணும்.

ஃபார்ம்ல 'கைது'ன்னு கேட்டா ஆமான்னு எழுதி பேப்பரையும் சேத்துக் குடுங்க, 'தண்டனை'ன்னு கேட்டாதான் இல்லன்னு எழுதணும், ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. அவ்தார் சிங் கேஸ்ல 2016ல சுப்ரீம் கோர்ட் சொன்னதும் இதுதான், சின்ன விஷயத்த வேலை குடுக்குறவங்க மன்னிக்கலாம், ஆனா வெரிஃபிகேஷன்ல மறைக்கக் கூடாது.

கேள்வி: என் பையன் மேல எஃப்.ஐ.ஆர் மட்டும் இருக்கு. பாஸ்போர்ட் கிடைக்காதாங்க?
- ஒரு அம்மா, செம்பூர்

பதில்: எஃப்.ஐ.ஆர் மட்டும் இருக்குன்னு பாஸ்போர்ட்ட மறுக்க முடியாதும்மா, கோர்ட் அந்தக் கேஸ எடுத்துக்கிட்டாதான் தடை. அப்பவும் அதே கோர்ட்ல வெளிநாடு போக அனுமதி வாங்கினா மத்திய அரசோட 1993 அறிவிப்புப்படி குடுப்பாங்க, கோர்ட் எத்தன வருஷம்னு சொல்லலன்னா ஒரு வருஷத்துக்குத்தான் கிடைக்கும், அதனால எத்தன வருஷங்கிறதையும் வக்கீல் கிட்ட சொல்லி ஆர்டர்லயே எழுதி வாங்குங்க.